வெயிலுக்கு ஒரு பிளக்

டக்.

சின்னச் சத்தம்தான். கராஜ் சுவரில் மாட்டியிருக்கும் சாம்பல்நிறப் பெட்டி, காலையில் வெயில் கூரைக்கு ஏறியதும் போடுகிற சத்தம். யாரோ சலித்துப்போய் நாக்கைத் தட்டுவதுபோல. அதன் பின்னால் ஒரு முனகல் வரும், பல்லுக்குள்ளேயே நின்றுவிடுகிற முனகல். மேகம் வந்தால் தாழும், போனால் எழும். பொழுதுபட இன்னொரு டக். அவ்வளவுதான் அதன் நாள்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினியில் நிற்பேன். அந்த டக் கேட்டதும் என் காது தன்பாட்டில் படியிறங்கிப் பேஸ்மென்றுக்குப் போகும். கீழேயிருந்து ஒரு பதில் வரவேண்டும். முன்பெல்லாம் வந்தது. அறைக் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்தெடுத்து நீளக் குழாயால் அண்ணையின் மூக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மூச்சு. உஸ், டொக். உஸ், டொக். மேலே ஒன்று வெயிலைக் குடிக்கும். கீழே ஒன்று காற்றைப் பிழியும். இரண்டுக்கும் நடுவில் நான், எதைச் செய்வது என்று தெரியாமல், சீனி போட்டேனா இல்லையா என்று தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டு.

இப்போது கீழே சத்தமில்லை. மேலேயுள்ளது மட்டும் கதைக்கிறது.

அண்ணைதான் என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர். சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறையை நாலைந்து பேரோடு பகிர்ந்துகொண்டு, பகலில் நித்திரை கொண்டு, இரவில் தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் கதிரை மேசைகளுக்கு வார்னிஷ் அடித்து, எங்களை ஒவ்வொருவராக இழுத்தெடுத்தவர். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "வார்னிஷ் மணத்தோட ஆர் படுப்பாள்" என்பார். அந்த மணம் உடம்பால் போய்விட்டது. நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. நுரையீரல் தழும்பாகிக் காய்ந்துகொண்டு வருகிறது, திருப்ப ஏலாது என்று டொக்டர் சொன்ன வருடத்தில்தான் மோர்னிங்சைட்டிலுள்ள என் வீட்டின் கீழ்த்தளத்துக்கு வந்தார். என் கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். மகளுக்கு நாட்டின் மேற்குக் கோடியில் வேலை. ஆக, நானும் அண்ணையும் அந்த உஸ் டொக்கும்.

அஜக்ஸில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவருக்கு இடம் வந்தது. நான் வேண்டாம் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, சுடுசட்டியைத் தொட்ட கைபோல வாய் தானாகப் பின்னால் இழுத்தது. அண்ணை என்னோடுதான் இருப்பார். போனின் மற்றப் பக்கத்தில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார்: வீட்டில் மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள்?

அந்தக் கேள்வி என் காதுக்குள் குடிவந்துவிட்டது.

காற்று அடித்தால் மரம் முறியும். மரம் முறிந்தால் கம்பி அறும். கம்பி அறுந்தால் இயந்திரம் நிற்கும். மூலையில் ஓர் ஒட்சிசன் சிலிண்டர் நின்றது, சில மணித்தியாலம் தாங்கும். அதற்குப் பிறகு? ஜெனரேற்றர் ஒன்றை வாங்கலாம் என்று போய்ப் பார்த்தேன். கயிற்றை இழுத்து அதை உசுப்ப என் தோள்மூட்டு விடவில்லை. மூச்சுக்குத் தவிக்கிற மனிதருக்குப் பெற்றோல் புகையா என்ற பயமும் வந்தது. அப்போதுதான் தெருவில் ஒரு கூரையில் கறுப்புப் பலகைகள் ஏறுவதைக் கண்டேன். வெயில். யாரும் அறுக்க முடியாத கம்பி. எனக்கு அப்படித்தான் பட்டது. என்னைப்போலக் கவிதை எழுதுகிற ஆட்களுக்கு இப்படித்தான் படும்.

எங்கட ஆள் ஒருவரிடம் ஒன்றை வாங்குவதென்றால் முதலில் அவருக்குச் சாப்பாடு போடவேண்டும். சோலார் பூட்டுகிற எங்கட ஆள் ஒருவர் வந்தார். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிய, அவருடைய பெரியப்பாவும் அண்ணையும் ஒரே பள்ளிக்கூடம் என்று வெளித்தது. அதற்குப் பிறகு அவர் வியாபாரி இல்லை, சொந்தம்.

"அண்ணை, இதுக்கு ஸ்ட்ரிங் இன்வேட்டர் எண்டு சொல்லுறது. கூரையில இருக்கிற பனலுகளை மாலை மாதிரிக் கோத்து, இந்த ஒரு பெட்டிக்குள்ள கொண்டுவந்து விடுறம். வெயில் தாற கரண்டை இது வீட்டுக் கரண்டா மாத்தும்."

"மாலையில ஒரு பூ வாடினா?" என்றார் அண்ணை.

"மாலை முழுக்கக் கொஞ்சம் வாடும். பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் நிழல் விழுத்துதெல்லே, அந்தப் பக்கத்தைத் தனி மாலையாக் கட்டுவம். பெட்டிக்கு ரெண்டு வாய் இருக்கு."

"இந்த வீட்டில ஒரு வாயே காணும்," என்று அண்ணை என்னைப் பார்த்தார்.

நான் சிரிக்கவில்லை. "கரண்ட் போனா?" என்றேன்.

"போனா எல்லா இன்வேட்டரும் நிக்கும் அக்கா. லைன் திருத்துற ஆக்களுக்கு அடிச்சுப்போடும் எண்டு அப்பிடித்தான் செய்து வைச்சிருக்கிறாங்கள். ஆனா இதில ஒரு விசேஷம். பெட்டியோட ஒரு பிளக் வரும். சுவிச்சைத் தட்டினா, வெயில் எறிக்கிற வரைக்கும் அந்தப் பிளக்கில மட்டும் கரண்ட் வரும். அண்ணையின்ர மெஷினுக்கு அது காணும்."

"வெயில் இல்லாட்டி?"

"பனிக்காலத்தில இஞ்ச வெயில் கண்ணைக் குத்துமே அக்கா!" என்றார், கையைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த கிழமை இன்னொரு நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். இங்கே பிறந்தவள். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள். சாப்பாடு வேண்டாம் என்றாள், தண்ணீர் மட்டும் குடித்தாள். அதிலேயே அண்ணைக்கு அவள்மீது ஒரு மனத்தாங்கல்.

"அன்ரி, உங்களுக்கு ஹைபிரிட்தான் பெஸ்ட். இதுவும் ஸ்ட்ரிங் இன்வேட்டர்தான், பட் பற்றரியோட வரும். பவர் போனா பற்றரி ரேக்ஸ் ஓவர். யூ வோன்ற் ஈவின் நோட்டிஸ்."

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"கரண்ட் போனதே எங்களுக்குத் தெரியாதாம்."

"எனக்கு இப்பவும் ஒண்டும் தெரியேல்லைதானே. உதுக்கு ஏன் பற்றரி?"

அவள் சிரித்தாள். நல்ல பிள்ளை. ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பற்றரி வைக்க கராஜ் சுவரில் பாதியை ஒதுக்கவேண்டும். வீட்டின் பழைய மின்பெட்டியையே மாற்றவேண்டும். அனுமதி, பரிசோதனை என்று பனிக்காலம் கழிந்துவிடும். செலவுக்கு நான் வீட்டின் பெயரில் மறுபடி கடன் எடுக்கவேண்டி வரும். நான் மருந்து பொதிசெய்கிற ஆலையில் வேலை செய்கிறேன். ஓவர்ரைம் செய்யலாம், சனி ஞாயிறும் போகலாம் என்று அவள் முன்னாலேயே விரல் மடித்தேன். அண்ணை என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது. இரண்டு பெட்டி. படத்தில் இரண்டும் ஒன்றுபோல, ஒரே சாம்பல், ஒரே சின்னப் பச்சை விளக்கு. ஒன்று உடனே வரும், வெயிலில் மட்டும் காப்பாற்றும். மற்றது முழுதாகக் காப்பாற்றும், ஆனால் பனி போனபிறகு வரும். இந்தப் பனிக்காலத்தில் அண்ணைக்கு ஏதும் என்றால், வரப்போகிற பற்றரியை வைத்து என்ன செய்ய? இந்தப் பனியைத் தாண்டிவிட்டால், வெயிலுக்கு மட்டும் வேலை செய்கிற பிளக்கை வைத்து அடுத்த பனிக்கு என்ன செய்ய? வேலையிடத்தில் கேட்டேன். கோயிலில் கேட்டேன். "எங்கட ஆளிட்டையே எடுமன்" என்றவர்களும், "எங்கட ஆளிட்டை மட்டும் எடுக்காதை" என்றவர்களும் சரிபாதி. இரண்டு பெட்டியின் விளக்கத்தாள்களையும் கவிதை வாசிப்பதுபோல வாசித்தேன். வரிக்கு வரி விளங்காமல், ஆனால் ஏதோ பெரிதாகச் சொல்லப்படுகிறது என்ற கலக்கத்தோடு. காலையில் ட்ரைவ்வேயில் நின்று என் வெறுங்கூரையை அண்ணாந்து பார்ப்பேன். மேப்பிளின் நிழல் அதில் கை வைத்துக்கொண்டு நிற்கும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணை சொன்னார், "பிள்ளை, உனக்கு வோல்ற்றும் அம்ப்பும் சரிவராது. பூக்கட்டிப் பார்."

"விசரே அண்ணை?"

"ஏன், அம்மா எத்தினை கலியாணத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தவ. பெட்டிக்குப் பார்த்தா என்ன குறைஞ்சு போகும்?"

எங்கள் வீடுகளில் முடிவெடுக்கத் தெரியாதபோது செய்கிற காரியம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூவை இன்னொன்றில் கட்டி, சாமிக்கு முன்னால் போட்டு, ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வது. எது வருகிறதோ அது கடவுளின் சொல். நான் அதைப் பகிடி பண்ணி எழுதியவள். ஆனால் அன்று மறுபேச்சுப் பேசாமல் காரை எடுத்துக்கொண்டு போனேன். தமிழ்க்கடையில் தயிர்ச்சட்டிகளுக்குப் பக்கத்தில், குளிர்ப்பெட்டிக்குள் கொஞ்சம் மல்லிகைச் சரம் இருந்தது. சிவப்புக்கு, பக்கத்து சுப்பர்மார்க்கற்றில் ஒரு றோசா. மணமில்லாத, கண்ணாடிபோன்ற றோசா. மல்லிகை பிளக் வைத்த பெட்டி. றோசா பற்றரிப் பெட்டி. அண்ணைக்கும் அதைச் சொன்னேன். கிச்சின் பேப்பரில் இரண்டையும் ஒரே அளவாகச் சுற்றி நூலால் கட்டினேன். கீழே அவருடைய சாமிப்படத்துக்கு முன்னால் போட்டுக் குலுக்கினேன். எது எதென்று எனக்கே தெரியாமற்போனது.

"சின்னப்பிள்ளைக்கு எங்க போறது?" என்றேன்.

"நான் இருக்கிறன்தானே. குளிக்க வாக்கிறாய், சாப்பாடு தீத்துறாய், பிறகென்ன."

மூக்கில் குழாயோடு இருப்பவர். மாதக்கணக்காக எதுவும் மணக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நான் மீன் பொரித்தாலும், "என்ன காய்ச்சிறாய், பச்சைத்தண்ணியோ?" என்பார். ஆகவே குழந்தையைப்போலவே நம்பலாம் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடினார். ஒரு பொட்டலத்தை எடுத்தார், முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார், கும்பிட்டார், திரும்ப வைத்தார். மற்றதை எடுத்தார், முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். முதலாவதை எடுத்து என் கையில் தந்தார்.

அவிழ்த்தேன். மல்லிகை.

"பார், சோலி முடிஞ்சுது," என்றார்.

எனக்கு நெஞ்சுக்குள் இருந்து ஒரு கல்லை யாரோ எடுத்ததுபோல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அதைவிட ஆறுதலாக இருந்தது.

பனி கொட்டமுதல் பெட்டி சுவரில் ஏறியது. நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். "அக்கா, காத்துப் போற ஓட்டையில மட்டும் பூசாதேங்கோ," என்றார் எங்கட ஆள். முதல் டக் கேட்டபோது அண்ணை கீழேயிருந்து கூப்பிட்டார், "ஆரோ கதவு தட்டுகினம், போய்ப் பார்."

பனிக்காலம் முடிகிற தறுவாயில் அந்த மழை வந்தது. வரும்போது தண்ணீர், விழுந்ததும் கண்ணாடி. மரம், கம்பி, வேலி, காரின் கைபிடி எல்லாவற்றையும் போர்த்துக்கொண்டு அது உறைந்தது. விடிந்தபோது தெரு முழுக்கப் பளிங்கு. சூரியன் வேறு. அவ்வளவு அழகான காலையை நான் கண்டதில்லை. கரண்ட் இல்லை.

இயந்திரம் நின்றதும் அது போடுகிற நீளக் கூச்சலில்தான் ஓடினேன். அண்ணையைச் சிலிண்டருக்கு மாற்றினேன். பெருமையாகக்கூட இருந்தது. இதற்காகத்தானே எல்லாம். கராஜில் சுவிச்சைத் தட்டினேன். ஒரேஞ்ச்நிற நீட்டுக் கம்பியைப் படிவழியே கீழே இழுத்துவந்து இயந்திரத்தைக் கொழுவினேன். உஸ். டொக். வந்துவிட்டது. கூரையில் உறைபனிக்கு ஊடாக ஊறி வந்த வெயில் அண்ணையின் மூக்குக்குள் போனது. நான் அழுதேன். "ஏன் அழுகிறாய், வேலை செய்யுதுதானே," என்றார்.

பிறகு ஒரு மேகம்.

கூச்சல். இயந்திரம் நின்றது. சிலிண்டருக்கு மாற்றினேன். மேகம் போனது, பெட்டி தன்னைச் சுதாரித்துக்கொள்ள நேரம் எடுத்தது, டக், பிளக் உயிர்த்தது. இயந்திரத்துக்கு மாற்றினேன். உஸ், டொக். உஸ். அடுத்த மேகம். கூச்சல். சிலிண்டர். வெயில். இயந்திரம். கீழ்த்தளத்தின் சின்ன ஜன்னலால் வானத்தைப் பார்த்தேன். கூட்டம் கூட்டமாக வெள்ளை மேகங்கள், அவசரமேயில்லாமல், ஏரிப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. மேப்பிள் மரம் ஐஸ் பாரத்தில் சாய்ந்து பனல் மாலை ஒன்றின்மேல் முழுக்கத் தன் நிழலை விரித்திருந்தது. கூரையில் ஏறித் துடைக்கலாமா. ஏணி வைக்கத் தரை இல்லை, எல்லாம் வழுக்கல். மரத்திடம் கேட்கலாமா. அம்புலன்சுக்கு அடித்தேன். மூச்சு இருக்கிறதா, சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். முடியப்போகும்போது மறுபடி எடுக்கச் சொன்னார்கள், தெருக்கள் எல்லாம் அடைபட்டுக் கிடந்தன.

"மேகத்தைப் பற்றி எத்தினை கவிதை எழுதினாய்," என்றார் அண்ணை, மூச்சுக்கு மூச்சு ஒரு சொல்லாக. "ஒருக்கா... கேட்டுப் பார்."

அவருடைய உதடு நீலம் பூசிக்கொண்டிருந்தது. நான் அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு, குழாயை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. கடைசியில் அவர் என் கையைப் பிடித்தார். "விடு பிள்ளை. சிலிண்டரிலையே இருக்கட்டும். சும்மா இரு."

சும்மா இருந்தேன். சிலிண்டரின் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, அவருடைய விலாவெலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு. முள் சிவப்புக்கு வந்தது. போனைக் கையில் எடுத்தேன். அப்போது குசினியில் குளிர்ப்பெட்டி உறுமியது. கரண்ட் வந்துவிட்டது. நான் வரவழைக்கவில்லை. அது தானாகப் போய், தானாக வந்தது.

அன்றிலிருந்து அண்ணை ஒரு கிழமை பகிடி விடவில்லை. பிறகு சொன்னார், "அஜக்ஸ் இடத்துக்குச் சொல்லு. அங்க பெரிய ஜெனரேற்றர் இருக்காம்."

"பற்றரி போடுவம் அண்ணை. அந்தப் பிள்ளையைக் கூப்பிடுறன். இதையே கழட்டிப்போட்டு மற்றதை..."

"நீ என்ர ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டு நிக்கிறாய். எனக்கு வருத்தத்தால முட்டுறதைவிட அதிலதான் கூட முட்டுது. சொல்லு."

நான் சொன்னேன். இடம் கிடைத்தபோது மேப்பிள் தளிர்விட்டிருந்தது.

அவரைக் கொண்டுபோய் விட்ட நாள் நல்ல வெயில். நாலு-சைபர்-ஒண்டு நெடுஞ்சாலை முழுக்க அவர் ஜன்னலால் கூரைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பனல் வைத்த வீடு ஒன்றைக் கண்டால் விரலைத் தூக்கிக் காட்டுவார். அங்கே அவருடைய அறையில் ஒட்சிசன் சுவருக்குள்ளிருந்தே வந்தது. ஒரு சின்னக் குமிழ், ஒரு குழாய், சத்தமே இல்லை. நான் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினேன், எடுத்துத் திரும்ப அடுக்கினேன். சாமிப்படத்தை எங்கே மாட்டுவது என்று கேட்டேன். எங்கேயாவது மாட்டு என்றார். ஜன்னலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். அதன் சட்டத்துக்குள் ஒரு காய்ந்த மல்லிகை சிக்கியிருந்தது, பழுப்பாக.

போகிற நேரம் வந்தது. சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு குனிந்தபடியே சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

"அண்டைக்கு மற்றப் பூ வந்திருந்தா, நீங்கள் இப்ப வீட்டில இருந்திருப்பியள்."

அவர் என் தலையில் கையை வைத்தார். கனமேயில்லாத கை. நான் நிமிரும்வரை எடுக்கவில்லை.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை எண்டு நான் சொன்னதை நீ நம்பினனியே? மல்லிகை எனக்கு நல்லா மணந்தது, பிள்ளை. தெரிஞ்சுதான் எடுத்தனான். பற்றரி வந்திருந்தா நீ என்னை ஒருநாளும் போக விட்டிருக்கமாட்டாய்... சரி, வெளிக்கிடு, நாலு-சைபர்-ஒண்டு நிரம்ப முன்னம் போய்ச் சேர்."